பாப்பா பார்க்கிற முகம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், உன் மாமியார், பாப்பா எல்லோரும் நலம்தானே? போனில் நான் "ம்" மட்டும் கொட்டுகிறேன் என்று போன வாரம் கோபித்துக்கொண்டாய். எனக்குப் பேசத்தான் வராது, எழுத வரும். எட்டாவதோடு பள்ளிக்கூடம்தான் நின்றது, கை நிற்கவில்லை.

வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டாயே. அருவருப்பாக இருக்கிறது.

கெட்டுப்போன பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்கிற வேலை, "ஏசி ரூம்டி, உக்காந்த இடத்துல சம்பளம்" என்று சொல்லித்தான் என்னை இந்த ஸ்டுடியோவில் சேர்த்துவிட்டுப் போனாய். ஏசி கம்ப்யூட்டருக்கு. எனக்கு நாற்றம். படங்கள் பிளாஸ்டிக் பைக்குள் முடிச்சுப் போட்டு வருகின்றன. முடிச்சை அவிழ்த்தால் செத்த எலி வாசனை. கண்ணாடியோடு ஒட்டிப்போன பூஞ்சை, சட்டத்துக்குப் பின்னால் கரப்பான் முட்டை, யாரோ ஒரு பெரியவரின் நெற்றி முழுக்க ஈ எச்சம். அதைப் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். முதலாளிக்குப் பஞ்சும் வேண்டாம். விரலை நாக்கில் தொட்டு, செத்தவர் முகத்தில் தேய்ப்பார். அதே விரலால் என் மவுஸைப் பிடிப்பார்.

மனிதர்கள் அதைவிட மோசம். நேற்று ஒருவர் வந்தார். அவருடைய அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இரண்டு பக்கமும் இரண்டு மகன்கள் நிற்கிற படம். "தம்பிய எடுத்துரும்மா, சொத்துத் தகராறு" என்றார். எடுத்தேன். தம்பியின் கை மட்டும் அம்மாவின் தோளில் நின்றுவிட்டது. "அதையும் எடு, பாத்தாலே பத்திக்கிட்டு வருது" என்றார். விரல் விரலாக அழித்தேன். பக்கத்துத் துணியை எடுத்து அந்த இடத்தில் பூசினேன். சரியாகத்தான் வந்தது.

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். முதலாளி கம்ப்யூட்டரில் "கண்" என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறார். படத்தில் கண் அழிந்துபோயிருந்தால் அதிலிருந்து ஒரு ஜோடி எடுத்து வைத்துவிட வேண்டும். பெண்களுக்கு வைக்கிற ஜோடியை நான் நிறையப் படங்களில் வைத்துவிட்டேன். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று நேற்று பெரிதாக்கிப் பார்த்தால், அது என் கண். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பாஸ்போர்ட் சைஸில் ஒரு படம் எடுத்தாரே, அதிலிருந்து வெட்டியிருக்கிறார். போன வாரம் ஒரு தாத்தா தன் மனைவியின் படத்தை வாங்கிப் பார்த்து, "இதே பார்வைதான், இப்படித்தான் முறைப்பா" என்று அழுதார். அவரைப் பார்த்தது நான்.

எனக்குத் தருவதாகச் சொன்னாயே, உன் வீட்டுப் பின்னறை, அது காலியாகிவிட்டதா? நீ கூப்பிட்டதும் வந்துவிடுவேன். உன் வீட்டுப் பாத்திரம் முழுக்க நானே தேய்க்கிறேன். பாத்திரத்தில் எச்சில் மட்டும்தான் இருக்கும்.

உன் அன்புத் தங்கை,
பூச்சி

*

பிப்ரவரி 21

அடி பூச்சி,

உன் கடிதத்தைச் சாப்பிடும்போது படித்துத் தொலைத்தேன். இனிமேல் கரப்பான் முட்டை வருகிற இடத்தில் மேலே ஒரு கோடு போட்டு வை. வாயில்லாப் பூச்சி என்று உனக்குப் பேர் வைத்தவள் நான்தான், இப்போது பார்த்தால் உனக்குப் பக்கம் பக்கமாக வாய் இருக்கிறது.

நீ சொன்ன கண் கதைக்கு நான் சிரித்த சிரிப்பில் மாமியார் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, தங்கச்சிக்கு மாப்ளை பாத்தாச்சா?" என்றார். போன் ஹாலில், அவர் தலைமாட்டில் இருக்கிறது. அதனால்தான் நானும் போனில் ஒன்றும் சொல்வதில்லை.

பின்னறையிலிருந்த பழைய சாமான்களை அத்தான் எடைக்குப் போட்டுவிட்டார். ஜன்னல் ஒன்று இருக்கிறது, வெயில் வரும். உனக்கு ஒரு இரும்புக் கட்டில் பார்த்து வைத்திருக்கிறேன். ஆனால் இந்த வீட்டில் எனக்கே இன்னும் உட்கார இடமில்லை, உன்னை எங்கே உட்கார வைப்பது? எல்லாம் பாப்பாவால். ஐந்து வயது, அத்தனை அழுத்தம். நான் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அம்மா என்று வேண்டாம், சித்தி என்றாவது கூப்பிடலாமில்லையா? "இவங்க" என்கிறாள். "பாட்டி, இவங்க எனக்குச் சோறு போட்டாங்க." "அப்பா, இவங்க தூங்கிட்டாங்க." வீட்டுக்கு வந்த மின்சாரக்காரரைச் சொல்கிற மாதிரி.

அதனால் உன்னிடம் ஒரு வேலை. இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். அத்தானுடைய முதல் மனைவி, கைக்குழந்தையாகப் பாப்பாவை வைத்துக்கொண்டு ஸ்டுடியோவில் எடுத்தது. அவள் இறந்த வருஷம் வந்த வெள்ளத்தில் மற்ற படமெல்லாம் போய், மிஞ்சியது இது ஒன்றுதான். இதிலும் தண்ணீர் பட்டு முகம் போய்விட்டது. என் பாஸ்போர்ட் சைஸ் படமும் உள்ளே இருக்கிறது. அந்த இடத்தில் என் முகத்தை வைத்துக் கொடு. மாமியாரும் சொல்லிவிட்டார், "புள்ள உன்னையே அம்மான்னு நெனச்சு வளரட்டும்" என்று. அத்தான் வழக்கம்போல "உன் இஷ்டம்". இன்னும் கொஞ்ச நாள் போனால் பாப்பாவுக்கும் பழைய முகம் மறந்துவிடும்.

நீதான் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கண் வைக்கிறாயே, அக்காவுக்கு ஒரு முகம் வைக்க மாட்டாயா? படம் சுவரில் ஏறட்டும், மறுநாளே உன்னை அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

படம் பத்திரமாக வந்தது. கட்டில் பார்த்து வைத்திருக்கிறாய் என்று படித்ததிலிருந்து அந்த ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். சாயந்திர வெயில் என்றால் நல்லது.

படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

தண்ணீர் பட்டது உண்மைதான். கீழே நாற்காலிக் காலெல்லாம் பழுப்பாக ஊறியிருக்கிறது, ஓரம் அப்பளம் மாதிரி உப்பியிருக்கிறது. தண்ணீர் அப்படித்தான் ஓரத்திலிருந்து வரும், வந்த இடமெல்லாம் கறை வைக்கும். ஆனால் முகத்தைச் சுற்றிக் கறையே இல்லை. காது நன்றாக இருக்கிறது. கழுத்து நன்றாக இருக்கிறது. நடுவில் மட்டும் கோடு கோடாக, வெள்ளைத் தாள் தெரிகிற வரைக்கும் போயிருக்கிறது. முதலில் மேலிருந்து கீழாக. பிறகு குறுக்கே. கண் இருந்த இடத்தில் குத்தித் திருகியிருக்கிறது, தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுப்படுகிறது.

எனக்குப் பூஞ்சை பழகிவிட்டது. இதைப் பார்த்ததும் கை கழுவப் போய்விட்டேன். திரும்பி வந்து மறுபடியும் பார்த்தேன், மறுபடியும் கழுவினேன்.

இது தண்ணீர் இல்லை அக்கா. யார் செய்தது? பாப்பாவா? பாப்பா என்றால் அவளைத் திட்டாதே, ஏதோ கோபமாக இருந்திருக்கும். ஆனால் ஐந்து வயதுக் கைக்கு இவ்வளவு அழுத்தம் வருமா என்று தெரியவில்லை.

பாப்பாவின் அம்மாவைத் தெரிந்தவர்கள் யாரிடமாவது இன்னொரு படம் இருக்கிறதா? சின்னதாக இருந்தாலும் போதும். அதை வைத்து அவள் முகத்தையே கொண்டுவந்துவிடுவேன். ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்கிறேன், காசும் வேண்டாம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பூச்சி

*

மார்ச் 13

பூச்சிக்கு,

உன்னை வேலை செய்யச் சொன்னேன், விசாரணை செய்யச் சொல்லவில்லை.

நான்தான். போதுமா?

நீ இங்கே இருந்திருந்தால் தெரிந்திருக்கும். தினமும் காலையில் பாப்பாவுக்குத் தலை பின்னிவிடுவது நான். பின்னும்போது அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொள்வாள். அன்றைக்கு அதைப் பார்த்து, "அம்மா, இவங்க வலிக்கிற மாதிரி பின்றாங்கம்மா" என்றாள். என்னிடம் சொன்னாலாவது தளர்த்தியிருப்பேன். செத்துப்போனவளிடம் என்னைப் பற்றிக் கோள் சொல்கிறாள். சொல்லிவிட்டு, அவள் பதில் சொன்ன மாதிரி தலையை ஆட்டுகிறாள். பாப்பா பள்ளிக்கூடம் போனதும் என் கையில் ஹேர்பின் இருந்தது. அவ்வளவுதான்.

சாயந்திரம் வந்து தேடினாள். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொன்னேன். இப்போது தினமும் "அம்மா எப்ப வருவாங்க?" என்று படத்தைப் பற்றிக் கேட்கிறாள். நான் என்ன பேயா? எனக்கும் வயிறு எரிகிறது. மாமியாரிடமும் அத்தானிடமும் படத்தில் தண்ணீர் கொட்டிவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீ வாயைத் திறந்தால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள், திறக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

வேறு படமெல்லாம் கிடையாது. நல்லவள் மாதிரி எழுதுகிறாயே, அந்தத் தாத்தாவுக்கு உன் கண்ணை அனுப்பினாயே, அது மட்டும் நியாயமா? அவர் சந்தோஷமாகத்தானே போனார்? பாப்பாவும் சந்தோஷமாக இருப்பாள். பொய்யென்றாலும் நல்ல பொய்.

உன்னை வளர்த்தவள் கேட்கிறேன். இந்த மாதம் முடிவதற்குள் அனுப்பு. கட்டிலுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். உனக்கு அந்த அறை வேண்டுமா வேண்டாமா என்று நீயே யோசித்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே நீ சொன்னதைச் செய்தேன்.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நான் நல்லவள் என்று நீ நினைக்கக்கூடாது. உன் முகத்தை வெட்டி அங்கே வைத்தேன். வெளிச்சம் அந்தப் படத்தில் இடது பக்கமிருந்து விழுகிறது, உன்னுடையதில் வலது பக்கம், அதனால் உன்னைத் திருப்பிப் போட்டேன். அவளுடைய காதுக்கும் உன் கன்னத்துக்கும் நடுவில் தோலைப் பூசினேன். நிறத்தை மங்க வைத்தேன். கொஞ்சம் பழுப்பும் சேர்த்தேன், வெள்ளத்துக்கு நீயும் தப்பித்த மாதிரி. முதலாளி பின்னால் வந்து நின்று, "அடேயப்பா, அச்சு அசலா உக்காந்துருச்சே. பிரிண்ட் போடு" என்றார். உண்மைதான். பிசிறில்லாமல் பொருந்தியிருந்தது. அவ்வளவு நன்றாகப் பொருந்தியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிரிண்ட் போடுவதற்கு முன்னால் வழக்கம்போல மூலை மூலையாகப் பார்த்தேன். அப்போதுதான் பாப்பாவைக் கவனித்தேன். அவ்வளவு நாளும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் குழந்தையைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். அவள் கேமராவைப் பார்க்கவில்லை, அக்கா. தலையை அண்ணாந்து அம்மா முகத்தைப் பார்க்கிறாள். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. அந்த அம்மாவும் குனிந்து அவளைத்தான் பார்த்திருக்க வேண்டும், கழுத்து அப்படி வளைந்திருக்கிறது. நான் வைத்த நீ, பாஸ்போர்ட் படத்தில் இருக்கிறபடி நேரே முறைத்துக்கொண்டிருந்தாய். குழந்தை அப்படியே பார்த்துக்கொண்டே இருந்தது.

பிரிண்ட் போடவில்லை. உன் முகத்தை அழித்துவிட்டேன்.

நம் அம்மாவுக்கு ஒரு படம்கூட இல்லை. எனக்கு முகம் ஞாபகமே இல்லை. ஆனால் நீ எனக்குத் தலை பின்னும்போது காதுக்குப் பின்னால் ஒரு விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வாய். "அம்மா இப்படித்தான் புடிப்பாங்க, ஆடாதடி" என்பாய். எனக்கு அம்மா என்றால் அந்த விரல்தான். அந்தக் கையில்தான் ஹேர்பின் இருந்தது என்று நினைக்கும்போது, என் காதுக்குப் பின்னால் தேய்த்துக் கழுவ வேண்டும் போல இருக்கிறது. இதை எழுதக்கூடாதுதான். போனில் என்றால் "ம்" கொட்டியிருப்பேன்.

தாத்தா விஷயம் நீ கேட்டது சரி. என் கண்ணை அந்த ஃபோல்டரிலிருந்து எடுத்துவிட்டேன். முதலாளி கத்தினார். "அது என் கண்ணு சார்" என்றேன். இத்தனை நாளில் நான் அவரிடம் சொன்ன பெரிய வாக்கியம் அதுதான். "அப்ப வேலைய விட்டுப் போறியா?" என்றார். "போகல. கண்ணு மட்டும் வேணும்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். போன படங்களை என்னால் திருப்பி வாங்க முடியாது. அது என்னோடுதான் இருக்கும்.

படத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். உன் பேருக்குத்தான் அனுப்புகிறேன், உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். தண்ணீர்க் கறையெல்லாம் எடுத்துவிட்டேன். நாற்காலி, புடவை மடிப்பு, குழந்தையைத் தாங்கியிருக்கிற விரல்கள் எல்லாம் எடுத்த அன்றைக்கு இருந்த மாதிரி இருக்கும். முகத்தை நான் தொடவில்லை. ஒரு கீறலைக்கூட அழிக்கவில்லை. தெரியாத முகத்தை நானாக வரைந்தால் அதுவும் நீ செய்ததைப் போலத்தான். சட்டம் போடுகிற அண்ணன், "முகமே இல்லாத படத்துக்கு எதுக்கும்மா ஃப்ரேம்?" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குழந்தை பாக்குதே" என்று அவரே நல்ல மரமாக எடுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சுற்றி எல்லாம் சுத்தமாகிவிட்டதால் அந்த இடம் இப்போது இன்னும் நன்றாகத் தெரிகிறது. இனிமேல் தண்ணீர் என்று சொல்ல முடியாது. பாப்பா "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டால் இதைக் கையில் கொடு. முகம் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீதான். கொடுக்காமல் பரணில் போட்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

உன் பாஸ்போர்ட் படமும் உள்ளே இருக்கிறது. அதில் ஒரு கீறலும் இல்லை.

கட்டில் கடைக்காரரிடம் அட்வான்ஸைத் திரும்பக் கேட்டுப் பார். பாதியாவது கொடுப்பார்.

இப்படிக்கு,
தங்கை