அக்காவின் மூன்று ஊகங்கள்

என் அன்பின் அக்காவுக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்குவதுதான் வழக்கம். நீங்கள் இருக்கும் இடத்துச் சுகத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் உங்களுக்குப் பிடித்த விசயத்திலிருந்தே தொடங்குகிறேன். புதுப் பெட்டி இன்னும் வரவில்லை. வதந்தி மட்டும் தாராளமாக வந்துகொண்டிருக்கிறது.

மாசியில் நீங்கள் போன பிறகு இரண்டு மாதம் நான் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. போன கிழமைதான் மனம் வந்து இணையத்தில் தேடினேன். பார்த்தால், ஒருவர் இந்த வருடக் கடைசிக்குள் வரும் என்கிறார், இன்னொருவர் அடுத்த வருடம்தான் என்று அடித்துச் சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே ஆளிடம் கேட்டதாகத்தான் சொல்கிறார்கள். நீங்கள் திருத்தினால் இவர்களுக்கு எத்தனை புள்ளி போடுவீர்கள்?

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். பெட்டி என்று நாங்கள் சொன்னது ஒரு சின்ன மேசைக் கணினியை. விரித்த கையில் வைத்துக்கொண்டு நடக்கலாம், அவ்வளவுதான் அளவு. திரையையும் விசைப்பலகையையும் தனியாகக் கொழுவ வேண்டும். கலியாண வீடு, கோயில் திருவிழா, செத்த வீடு எல்லாவற்றையும் வெளிநாட்டு உறவுகளுக்கு நேரலையில் காட்டுவதும் பிறகு அதை வெட்டி ஒட்டிக் கொடுப்பதும் என் தொழில். நீங்கள் முப்பது வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கலியாணம் கட்டாமல் எங்களோடே இருந்தவர். அந்தப் பெட்டியில் வேலை செய்தது நான், அதைப் பற்றி யோசித்தது நீங்கள்.

வந்த முதல் நாளே நீங்கள் அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. போடுகிற சுவிச் அடிப்பக்கத்தில் இருந்தது. “எட குகன், சுவிச்சைக் கொண்டுபோய் அடியிலை வைச்சவன் ஒருநாளும் மேசை துடைச்சிருக்க மாட்டான்” என்று சொல்லி, பெட்டியை அப்படியே குப்புறக் கவிழ்த்து வைத்தீர்கள். இன்று வரை அது கவிழ்ந்தபடிதான் கிடக்கிறது. என் மனைவி வதனி தூசு தட்டிவிட்டு அப்படியே திரும்பக் கவிழ்த்து வைக்கிறாள்.

உங்களுக்கு அதில் ஒரு எழுத்துக்கூட அடிக்கத் தேவையிருக்கவில்லை. அடுத்தது எப்படி வரும் என்பதுதான் உங்கள் கேள்வி. வெங்காயம் உரித்துக்கொண்டே போனில் வதந்திக்காரர்களைக் கேட்பீர்கள். நடுவில் நிறுத்தி, “உவன் புளுகிறான். போன முறையும் உந்தக் கதையைத்தான் சொன்னவன்” என்பீர்கள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து கொப்பியில் எழுதுவீர்கள். கேத்திரகணிதத்தில் முக்கோணக் கணக்குச் செய்வது போலத் தரவு, நிறுவ வேண்டியது, நிறுவல் என்று தலைப்புப் போட்டு எழுதுவீர்கள். கணினிக்கு இப்படி நிறுவல் எழுதிய ஒரே மனுசி இந்த வலிகாமத்தில் நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தக் கொப்பியை இப்போது பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது. “தரவு: கமெராக்காரர் எல்லோரும் படம் பதியும் அட்டையைச் செருக முன்பக்கம் ஒரு துவாரம் கேட்கிறார்கள். தரவு: முன்பக்கத்தில் இடம் இருக்கிறது. ஆகவே அடுத்த பெட்டியில் அட்டைத் துவாரம் வரும்.” அதற்குக் கீழே சிவப்பு மையில்: “வரவில்லை. என் பிழை. கேட்டால் தருவார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.” இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஏனென்றால், கேட்பது என்பது எங்கள் குடும்பத்துக்கே வராத ஒரு கலை. சித்தப்பாவின் மகன் சுகந்தன் கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் முதலில் உங்களுக்குத்தான் போன் எடுப்பான். “அக்கா, என்ன கொண்டு வாறது?” நீங்கள் யோசிக்காமல் சொல்வீர்கள், “ஒண்டும் வேண்டாம் தம்பி. நீ சுகமா வந்து சேர், அது காணும்.” அவனும் சொன்ன சொல்லை மதித்துச் சவர்க்காரமும் சொக்கிலேற்றும் கொண்டு வருவான். குளியலறைத் தட்டில் இன்னும் ஒன்பது சவர்க்காரம் இருக்கிறது, அக்கா.

இந்தப் பெட்டி வந்ததும் அப்படித்தான். அந்த வருடம் அவனாகவே, “அண்ணை, உங்கடை வேலைக்கு ஒரு கொம்பியூட்டர் வாங்கிக்கொண்டு வாறன், எவ்வளவு மெமரி வேணும்?” என்று கேட்டான். எனக்கு எவ்வளவு வேண்டும் என்று நன்றாகத் தெரியும். வாயில் வந்தது வேறு. “இருக்கிறதுக்குள்ளை குறைஞ்சது காணும் தம்பி.” அந்த வகைப் பெட்டியில் நினைவகத்தை உள்ளேயே சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள், பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போது எவ்வளவோ, சாகும்வரை அவ்வளவுதான். இதைக் கேள்விப்பட்டதும் நீங்கள் என்னை ஏசிய ஏச்சு! “கேக்கிறதெண்டால் ஒழுங்காக் கேக்கவேணும். இல்லாட்டிக் கேளாமல் இருக்கவேணும். உதென்ன பாதிக் கேள்வி?”

ஏசியது யார்? வாழ்நாளில் ஒருவரிடமும் ஒன்றும் கேட்காத நீங்கள்.

மூன்று கமெராவைக் கொழுவினால் அந்தப் பெட்டிக்கு மூச்சு வாங்கும். அது உங்களுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் செத்த வீட்டையும் அந்தப் பெட்டிதான் காட்டியது. நான் கொள்ளிக்குடத்தோடு முன்னால் நடக்கிறேன், வதனி திரைக்கு முன்னால் இருக்கிறாள், உங்களை வாசல் படலையால் வெளியே எடுக்கிற நேரத்தில் படம் உறைந்துவிட்டது. கனடாவில் சுகந்தன் பார்த்துக்கொண்டிருந்தது உறைந்த படலையை. வதனி பெட்டியை நிறுத்தித் திரும்பப் போட்டபோது தெருவில் ஒருவரும் இல்லை. இதை அவள் எனக்கு எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகுதான் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அதோடு, “மெமரி காணாதெண்டு நான் அப்பவே சொன்னனான்” என்று நீங்கள் சொல்வது காதில் கேட்டதும் உண்மை.

சரி, வதந்திக்கு வருகிறேன். அடுத்த பெட்டியின் மூளை வேகமானதாக இருக்கும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அதற்கு நீங்கள் புள்ளி போடவே மாட்டீர்கள், “விடியும் எண்டு சொல்லுறதுக்கு ஒரு சாத்திரியோ” என்பீர்கள். உருவம் மாறாதாம். நிறம் ஒன்று கூடலாமாம். இணையத்தின் உதவி இல்லாமல் தனக்குள்ளேயே யோசித்துப் பதில் சொல்வதில் இன்னும் கெட்டியாகுமாம். அப்படியென்றால் ஐயர் சொல்வதையும் மாப்பிள்ளையின் தகப்பன் சத்தம் போடுவதையும் அதுவே கேட்டுக் கீழே எழுத்தாகப் போடுமா? கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு உதவி! ஆனால் எங்கள் கலியாண வீட்டு நாதஸ்வரத்துக்கு நடுவில் மனுசருக்கே ஒன்றும் கேட்காது, பெட்டிக்கு எப்படிக் கேட்கும்?

இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்காது. உலகம் முழுக்க நினைவகத்துக்குத் தட்டுப்பாடாம். பெரிய பெரிய கணினிக் கூடங்கள் அள்ளிக்கொண்டு போகின்றனவாம். அதனால் ஆகக் குறைந்த விலையுள்ள அடிமட்டப் பெட்டியில் நினைவகத்தைக் கூட்ட மாட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இதற்கு மறுப்பு எழுதாமல் நீங்கள் எப்படி இருப்பீர்கள்?

இனி முக்கியமான விசயம். போன கிழமை சுகந்தன் போன் எடுத்தான். இந்த முறையும் நல்லூருக்கு வருகிறானாம். “அண்ணை, என்ன கொண்டு வாறது?” வதனி பக்கத்தில் நின்று பெட்டியைக் காட்டிக் கையால் சைகை செய்கிறாள். ஆவணியில் ஐந்து கலியாணம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒன்றிலாவது தாலி கட்டுகிற நேரத்தில் படம் உறைந்தால் என் பெயர் யாழ்ப்பாணம் முழுக்க நாறிவிடும். எல்லாம் தெரிந்துகொண்டு நான் சொன்னேன், “ஒண்டும் வேண்டாம் தம்பி. நீ சுகமா வந்து சேர்.”

போனை வைத்ததும் வதனி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “என்னப்பா நீங்கள்? அவ்வளவு நாளும் அக்கா தொண்டை காயக் கத்தினது ஆருக்கு?” அன்று மத்தியானம் சோறு போடும்வரை அவள் என்னோடு கதைக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் நானே போன் எடுத்தேன். சொல்ல வேண்டியதை ஒரு கடதாசியில் எழுதி வைத்துக்கொண்டுதான் எடுத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். “தம்பி, நேற்றுச் சொன்னது பொய். எனக்கு ஒரு கொம்பியூட்டர் வேணும். குறைஞ்சது இல்லை, நல்லது வேணும். காசு நான் தருவன்.” ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன்.

மற்றப் பக்கத்தில் சுகந்தன் சிரித்தான். “அண்ணை, அது மார்கழியிலேயே சொல்லியாச்சு.”

“ஆர் சொன்னது?”

“அக்காதான். தானாப் போன் எடுத்தவா. எனக்கு ஒரு சாமான் வேணும் தம்பி எண்டு தொடங்கினவா. நான் பயந்துபோனன். அக்கா ஒருநாளும் அப்பிடிக் கேட்டதில்லையே. இப்ப இருக்கிறதை வாங்காதை, அடுத்தது வரும், வந்தாப்பிறகு நடுத்தரத்திலை ஒண்டு வாங்கிக் கொண்டுவந்து குகனிட்டைக் குடு எண்டு சொன்னவா. குகனுக்குச் சொல்லாதை, அவன் ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவான் எண்டும் சொன்னவா. நேற்று நீங்கள் அதே மாதிரிச் சொன்னியள். சிரிப்பை அடக்கினது எனக்கெல்லோ தெரியும்.”

கையிலிருந்த கடதாசியை மடித்து வைத்தேன், அக்கா. நீங்கள் கேட்டீர்களா? உங்களுக்கு ஒரு சவர்க்காரம்கூடக் கேட்காத நீங்கள், எனக்காகப் போன் எடுத்துக் கேட்டீர்களா?

அடுத்த பெட்டி எப்படி இருக்கும் என்றும் அவனுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அவன் எழுதி வைத்ததை வாசித்தான். ஒன்று, அடிமட்டப் பெட்டியிலேயே நினைவகம் கூடும். இரண்டு, அட்டைத் துவாரம் இந்த முறையும் வராது. மூன்று, சுவிச் அடியிலேதான் இருக்கும், ஏனென்றால் பிழை விட்டவர்கள் அதை ஒப்புக்கொள்ள இன்னும் ஒரு முறையாவது செல்லும். இந்த மூன்றாவதுக்கு நான் இப்போதே முழுப் புள்ளி தருவேன். முதலாவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தட்டுப்பாட்டுச் செய்தி உங்களுக்குப் பிறகு வந்தது. உங்கள் தரவில் அது இல்லை.

“புதுசு இன்னும் வரேல்லை அண்ணை. திருவிழாவுக்கு முதல் வரும் எண்ட நம்பிக்கையும் இல்லை. இப்ப இருக்கிறதை வாங்கிக்கொண்டு வரட்டோ, அக்கா சொன்ன மாதிரிப் புதுசு வருமட்டும் பாக்கட்டோ? நீங்கள்தான் சொல்லவேணும்” என்றான் சுகந்தன். வதனியைப் பார்த்தேன். அவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். “அவா கேட்டது வரட்டும்” என்றாள்.

ஆவணிக் கலியாணங்களை இரண்டு கமெராவோடு சமாளிக்கலாம், வீட்டுக்காரரிடம் முதலே உண்மையைச் சொல்லிவிடலாம். தையில் சுகந்தனின் மனைவி வீட்டார் வருகிறார்கள், அதற்குள் பெட்டி வந்தால் அவர்களிடம் கொடுத்து அனுப்பச் சொல்லலாம். இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன். உண்மையான காரணம் அதுவல்ல. உங்கள் ஊகம் சரியா பிழையா என்று எனக்குத் தெரிய வேண்டும். நீங்கள் பார்க்க முடியாததை நானாவது பார்க்க வேண்டும். “புதுசு வருமட்டும் பாத்துக்கொண்டிருப்பம் தம்பி” என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அக்கா, ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. மார்கழியில் நீங்கள் நன்றாகத்தானே இருந்தீர்கள்? நடந்து கோயிலுக்குப் போய் வந்தீர்கள். அப்படியிருக்க, “கொண்டுவந்து என்னட்டைத் தா” என்று ஏன் அவனுக்குச் சொல்லவில்லை? “குகனிட்டைக் குடு” என்று ஏன் சொன்னீர்கள்? மாசியில் உங்களைக் கொண்டுபோன நெஞ்சு நோவு அப்போதே தொடங்கிவிட்டதா? எங்களுக்கு மறைத்தீர்களா? கொப்பியில் மார்கழிப் பக்கங்களை மூன்று முறை புரட்டிவிட்டேன். அங்கே பெட்டியைப் பற்றி மட்டும்தான் இருக்கிறது. உங்கள் மூன்று ஊகத்துக்கும் விடை பெட்டியோடு வந்துவிடும். இந்த ஒன்றுக்கு நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

பெட்டி வந்த அன்றே உங்கள் மூன்று ஊகத்துக்கும் சிவப்பு மையில் புள்ளி போடுவேன். அக்கா என்பதற்காக அரைப் புள்ளியும் கூட்ட மாட்டேன், நீங்களும் எனக்குக் கூட்டியதில்லை. பிறகு அடுத்த பக்கத்தில், அதற்கடுத்த பெட்டிக்கு என் சொந்த ஊகத்தை நிறுவலோடு எழுதுவேன். எழுதத் தெரியாவிட்டாலும் எழுதுவேன். இனி யாராவது என்ன வேண்டும் என்று கேட்டால், வேண்டியதை முழுதாகச் சொல்வேன். நீங்கள் ஒரே ஒரு தடவை கேட்டீர்கள், அதுவும் எனக்காக. அந்தச் சொல்லை நான் வீணாக்க மாட்டேன், அக்கா.

உங்கள் ஏச்சு இல்லாமல் வீடு சரியான அமைதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளும்,

உங்கள் தம்பி,
குகன்
உரும்பிராய்