தொப்புள் அசையவில்லை

2024 ஜூன் 10, திங்கள்
இன்றும் பள்ளி மாடிப்படியில் இடறினேன். மூன்றாவது தடவை. வலது கால் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. ஹெட்மிஸ்ட்ரஸ் லீவு எடுக்கச் சொல்கிறார். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு யார் எடுப்பது? அவரா?

ஜூன் 12
நரம்பு டாக்டரிடம் போனேன். மகள் நிக்கோல் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு கூட வந்தாள். டாக்டர் ஷங்கருக்கு முப்பது வயதிருக்கும். உள்ளங்காலைக் கீறினார். கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டேன். "சரியாத் தெரியல" என்றார். பிறகு ஒரு குச்சியால் வயிற்றுத் தோலை விலாவிலிருந்து உள்நோக்கிக் கீறினார். கீறும் பக்கமாகத் தொப்புள் சட்டென இழுபட வேண்டுமாம். என்னுடையது அசையவே இல்லை.

"எத்தனை பிள்ளைங்கம்மா?"

"ரெண்டு."

"அதான். டெலிவரி ஆன வயித்துல சில பேருக்கு இது வராது. சும்மா பயப்படாதீங்க. டென்ஷன்தான்."

சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஜூன் 13
வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. எந்த டெலிவரி? என் அக்கா இறந்தபோது அவள் மகன் க்ளெனுக்கு ஐந்து வயது, மகள் நிக்கோலுக்கு ஒன்றரை. அன்றிலிருந்து என் பிள்ளைகள். இருபது வருஷமாக யார் கேட்டாலும் ரெண்டு என்றுதான் சொல்கிறேன். பழக்கத்தில் அங்கேயும் சொல்லிவிட்டேன். நான் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை!

அப்படியென்றால் தொப்புள் ஏன் அசையவில்லை?

ஜூன் 14
போய்ச் சொல்லணுமா? நிக்கோல் முன்னாடியா? அவளுக்குத் தெரியும்தான். ஆனா நான் பெக்கலன்னு என் வாயால சொன்னதே இல்ல. சொல்ல மாட்டேன். எதுக்குச் சொல்லணும்? — கால் போனா போகட்டுமா, ஜூடித்? லூசு.

ஜூன் 15
சொன்னேன். டோக்கன் இல்லாமலே நிக்கோலோடு உள்ளே நுழைந்தேன்.

"டாக்டர், எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ஆனா இந்த வயிறு யாரையும் சுமக்கல. மறுபடி கீறிப் பாருங்க."

அவர் ஃபைலைப் புரட்டினார். "அப்ப பிள்ளைங்க இல்லன்னு மாத்திடறேன்."

"ஏன் மாத்தணும்? ரெண்டு ரெண்டாவே இருக்கட்டும். டெலிவரிய மட்டும் அடிச்சுடுங்க."

நிக்கோல் என் கையை விடவில்லை. நாலு பக்கமும் கீறினார். ஒன்றும் அசையவில்லை. நர்ஸிடம் என் காலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளங்காலைக் கீறினார். பெருவிரல் மேலே போனது. கீழேதான் மடங்கவேண்டுமாம். அதற்குப் பிறகு டென்ஷன் என்ற பேச்சே இல்லை. ஸ்கேன் எழுதினார்.

ஜூன் 18
முதுகுத்தண்டில் கட்டி. புற்றுநோய் மாதிரி இல்லையாம், ஆனால் நரம்பை நசுக்குகிறது. விட்டிருந்தால் நடையே போயிருக்கும். வியாழக்கிழமை ஆபரேஷன். பயமா இருக்கு. அழ மாட்டேன்.

ஆகஸ்ட் 31
ஆட்டோவிலிருந்து இறங்கி, யார் கையையும் பிடிக்காமல் நடந்தே செக்கப்புக்குப் போனேன். டாக்டர் ஷங்கர் வயிற்றைக் கீறினார். வலப்பக்கமாகத் தொப்புள் லேசாக, நிஜமாகவே, துள்ளியது. நிக்கோல் குனிந்து பார்த்தாள். ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் கத்தினாள்:

"மம்மி, உதைக்குது!"