விடு

அன்புள்ள தம்பி அரைப்பல்லுக்கு,

அண்ணன் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடத் தோன்றும். கிழிக்கவாவது கையில் எடுத்தாயே, அது போதும். போனைத்தான் நீ எடுப்பதே இல்லை.

நான் நன்றாக இருக்கிறேன். ஒரு ஆளுக்குச் சமைக்க மட்டும் இன்னும் கை வரவில்லை. சோறு மிஞ்சுகிறது, காலையில் அதையே தின்கிறேன். டிவியில் யாராவது பாய்ந்து கேட்ச் பிடித்தால், "பார்த்தீங்களாப்பா" என்று அப்பாவின் நாற்காலியைப் பார்த்துக் கேட்டுவிடுகிறேன். நாற்காலிக்குக் கிரிக்கெட் தெரியாது.

போன வியாழக்கிழமை குடோனில் ஒன்று நடந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். புதிதாக வந்த லோடுமேன் ஏணியில் நின்றபடி கண்ணாடி டம்ளர் பெட்டி ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தான். பெட்டி சாய்ந்தது. நான் கையை ஏந்திக்கொண்டு ஓடினேன். நம் மைதானத்துக் கத்தல் தானாக வாயில் வந்துவிட்டது: "விடு, விடு!" நான் போய்ச் சேருவதற்குள் அவன் விட்டேவிட்டான். நாற்பத்தெட்டு டம்ளரில் ஒன்றுகூடத் தேறவில்லை. சூப்பர்வைசர் கத்தியபோது, நீங்கதானேண்ணே விடச் சொன்னீங்க என்று அவன் என்னைப் பார்த்து அழாத குறையாகச் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. துடைப்பத்தோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே பந்துக்கு இருவரும் ஓடி முட்டிக்கொண்டு, உன் முன்பல் பாதி போன நாள் ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குத்தான் அப்பா சட்டம் போட்டார். முதலில் "விடு" என்று கத்துகிறவனுக்கே பந்து, மற்றவன் ஒதுங்க வேண்டும். அதன்பிறகு எல்லா உயரப் பந்துக்கும் நானே முந்திக் கத்தினேன். நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒதுங்குவாய். அதில் பாதியை நான் கோட்டை விட்டது வேறு கதை.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கிளம்பி வரட்டுமாண்ணே என்று போனில் கேட்டாய். விடுடா என்றேன். என் பந்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் அர்த்தம். நீ எப்படி எடுத்துக்கொண்டாயோ, வரவில்லை. அவர் போன பிறகு வந்து நின்ற உன்னை, பெத்த அப்பனைப் பார்க்கக்கூட மனசு வரலியாடா என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். நீதானேண்ணே விடுன்னு சொன்னே என்றாய். சாக்குச் சொல்கிறாய் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கடைசி இரண்டு நாள் அப்பா உன்னைத்தான் கேட்டார். இதோ வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உனக்குத் தகவல் சொல்லவில்லை. தனி ஆளாகப் பிடித்துக் காட்டலாம் என்ற வீம்பு. தப்பு என்னுடையதுதான்டா.

முழங்கால் தேய்ந்துவிட்டது. அடுத்த மாதம் பதினோராம் தேதி ஆபரேஷன். கூட யார் இருப்பாங்க என்று நர்ஸ் கேட்டார். தம்பி இருக்கிறான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நீயும் உன் மனைவியும் பிள்ளையும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று. வரட்டுமா என்று மட்டும் கேட்காதே. பழக்கதோஷத்தில் என் வாய் பழையதையே சொல்லிவிடும். கேட்காமல் வந்துவிடு.

இப்படிக்கு,
உன் பந்தையெல்லாம் பிடுங்கிக்கொண்ட
அண்ணன்