ஜூலியனுக்குப் பக்கத்து இடம்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
2 செப்டம்பர் 2024

அன்புள்ள லூர்துசெல்விக்கு மாமா எழுதுவது.

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நம்பமாட்டாய். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் ஓடுகிறது. காதுதான் இன்னும் மோசம். போனில் நீ பேசுவது கொசு கத்துகிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நேராகவே கேட்கிறேன். ஆகஸ்ட் இருபத்தெட்டு வரை லீவு என்று சொன்னவள் பதினெட்டாம் தேதியே ஏன் கிளம்பினாய்? ஆபீசில் கூப்பிட்டார்கள் என்றாய். உன் முகம் அப்படிச் சொல்லவில்லை. மெரினை நோணாங்குப்பத்தில் படகில் ஏற்றுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன், அதுவும் நடக்கவில்லை. அவளுக்காக வாங்கின சங்கரா மீனை நானே மூன்று நாள் சாப்பிட்டேன். வருஷம் பூராவும் ஒண்டியாகக் கிடக்கிறவனுக்குப் பேத்தி வருகிற ஆறு வாரம்தான் வருஷமே. அதிலும் பத்து நாளைப் பிடுங்கிக்கொண்டாய்.

பதினைந்தாம் தேதி மாதா திருநாள் பூசை முடிந்து கல்லறைத்தோட்டத்துக்குப் போனோமே, அன்றிலிருந்துதான் நீ பேச்சைக் குறைத்தாய். என் பிள்ளை ஜூலியன் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. வெறும் சிமெண்டாகக் கிடந்த இடத்துக்கு இப்போதுதான் கறுப்பு கிரானைட் போட முடிந்தது. தட்டாஞ்சாவடி புருஷோத்தமன் வெட்டின கல். உனக்கு முன்கூட்டிச் சொல்லாமல் ஆசையாக வைத்திருந்தேன். அதில் ஏதாவது குறையா? ஒளிக்காமல் எழுது.

மெரினுக்கு என் முத்தம்.

மாமா
யூஜின்


சார்செல், பிரான்சு
20 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஒளிக்காமல் எழுதச் சொன்னீர்கள். மனசில் வைத்துக்கொண்டு அடுத்த லீவுக்குச் சிரித்த முகத்தோடு வர எனக்கும் முடியாது.

கல்லில் அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் வெட்டச் சொல்லியிருக்கிறீர்கள். லூர்துசெல்வி, 1986. அப்புறம் ஒரு கோடு. அதற்கப்புறம் காலி இடம். எனக்கு முப்பத்தெட்டு வயசு மாமா.

நீங்கள் குனிந்து மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தீர்கள், உங்களுக்குக் கேட்டிருக்காது. மெரின் என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். “மம்மா, இந்தக் கோட்டுக்கு அப்புறம் என்னா எழுதுவாங்க? நீ எப்போ சாவப்போற?” என்று கேட்டாள். அப்பாவைப் பறிகொடுத்த எட்டு வயசுப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? இங்கே வந்த பிறகும் நான் ஒரு தடவை இருமினால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வந்து நிற்கிறாள். பள்ளிக்கூட வாசலில் என் கையை விடமாட்டேன் என்கிறாள்.

நீங்கள் அன்பால்தான் செய்தீர்கள், தெரியும். ஆனால் என் பெயர் அங்கே இருக்கும்வரை அவளை நான் புதுச்சேரிக்கு அழைத்து வரப்போவதில்லை. கிறிஸ்மஸ் லீவுக்குப் போட்ட டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

லூர்துசெல்வி


நெல்லித்தோப்பு
3 அக்டோபர் 2024

லூர்துசெல்விக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் கோபம்தான் வந்தது.

உன் மாமியார் கல்லில் என் பெயரும் பதினோரு வருஷமாக இருக்கிறது. பிறந்த வருஷம், கோடு, காலி இடம், எல்லாம் அதே மாதிரிதான். யாரும் பயந்து ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் அதைப் பார்த்தால் எனக்கு ஆறுதலாக இருக்கிறது, நமக்கு ஒரு இடம் பத்திரமாக இருக்கிறதே என்று. எனக்குக் கிடைத்த ஆறுதல் உனக்கும் கிடைக்கட்டும் என்றுதான் செய்தேன். புருஷன் பக்கத்தில் பெண்டாட்டி பெயர் இல்லாமல் வேறு யார் பெயரைப் போடுவார்கள்? குழந்தை எதையாவது கேட்கத்தான் செய்யும். நல்லதனமாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டியவள் தாய்தானே.

இல்லை, எனக்குத்தான் ஏதோ புரியவில்லையா? என் பிள்ளைக்குப் பக்கத்தில் படுக்க உனக்கு இஷ்டமில்லையா? அப்படியானால் அதையும் சொல்லிவிடு.

மெரினைக் காட்டி என்னை மிரட்டாதே. எழுபத்தெட்டு வயசில் எனக்கு எத்தனை கிறிஸ்மஸ் மிச்சம் இருக்கிறது என்று நீயே சொல்.

யூஜின்


சார்செல்
19 அக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

மிரட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

எனக்கு இஷ்டமில்லை. இதைச் சொல்லத்தான் இந்த வருஷம் வந்தேன். மாதா திருநாள் சாப்பாடு முடிந்ததும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்கு முன்னால் கல்லைக் காட்டினீர்கள், மூன்றாம் நாளே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அவர் பெயர் டோனி. காரைக்கால் குடும்பம், இங்கே ரயில்வேயில் வேலை. மனைவியை இழந்தவர். மெரினோடு பொறுமையாக இருக்கிறார். வருகிற மே மாதம் கல்யாணம். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை மாமா. ஆனால் வேறு யார் வழியாகவும் இது உங்களுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. எழுதவே கை வரவில்லை. விதவைக்கு மறுபடி திருமணம் செய்துவைக்க, முதல் கணவரை அடக்கம் செய்த பங்குக் கோவிலின் பதிவேட்டு நகலை இங்கே கோவிலில் கேட்கிறார்கள். நம் பங்குக்கு எழுதினேன். வீட்டார் யாராவது நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும் என்று பதில் வந்தது. அங்கே வீட்டார் என்று இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

முடியாது என்றால் எனக்குக் கோபம் வராது.

லூர்துசெல்வி


நெல்லித்தோப்பு
10 பிப்ரவரி 2025

அன்புள்ள லூர்துசெல்விக்கு,

நாலு மாசமாகப் பதில் எழுதவில்லை. மனசில்லை, அவ்வளவுதான். கிறிஸ்மசுக்குக் கேக் வாங்கவில்லை. நட்சத்திரம் மட்டும் கட்டினேன், அக்கம்பக்கத்தார் கேட்பார்களே என்று.

கல்லறைத் திருநாள் அன்று உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். வாசலில் பூ விற்கிற கன்னியம்மாள் மாலையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். கல்லில் இரண்டு பெயரைப் பார்த்துவிட்டு, “மருமவளும் போயிட்டாங்களா அய்யா? எப்போ?” என்று கேட்டாள். “இல்லம்மா, அவ உசுரோடதான் இருக்கா” என்றேன். காது கேட்காதவன் சத்தமாகத்தான் பேசுவேன், சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “அப்போ ஏன் சாமி பேரு போட்டீங்க?” என்றாள் அவள்.

அன்றே புருஷோத்தமனிடம் போனேன். வெட்டின எழுத்தை அடைத்தாலும் தடம் தெரியும் என்றார். அதனால் புதுக் கல். மாற்றிப் பதித்து மூன்று வாரம் ஆகிறது. ஜூலியன் பெயர் நடுவில் இருக்கிறது, இரண்டு பக்கமும் இடம் விடவில்லை. வெட்டும்போது பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளை தனியாகத்தான் இருக்கப்போகிறான் என்பது எனக்கு இன்னமும் வலிக்கிறது. ஆனால் அது உன் குற்றமில்லை. இனி அவளுக்கு ஒரு வாழ்க்கை கிடையாது என்று முப்பத்தெட்டு வயசுக்காரியைப் பற்றி நான் கல்லில் எழுதிவைத்தேன். அதுதான் குற்றம், அது என்னுடையது.

நேற்று பங்கு அலுவலகத்துக்குப் போனேன். பதிவேட்டில் அவன் பெயர் இருக்கிற பக்கத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. சாமியார் அவசரமாக எழுதினதோ என்னவோ, ஒன்றரை வரிதான். எழுத்தர் பையன் நல்லவன், நகல் எதுக்கு என்று மட்டும் கேட்டான். “எங்க ஊட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம்” என்றேன். சரியென்று முத்திரை குத்திக் கொடுத்தான். வீடு வந்து சேரும்வரை அந்தக் காகிதத்தை மடிக்காமல் பிடித்துக்கொண்டே வந்தேன். இத்துடன் இணைத்திருக்கிறேன், பத்திரம்.

டோனியை இந்த வருஷம் என்னால் பார்க்க முடியாது. பொய் சொல்லவில்லை. அடுத்த வருஷம் பார்க்கிறேன், நல்ல மனுஷனாக இருந்தால் புரிந்துகொள்வார்.

நகலைக் கொடுத்துவிட்டுப் பேத்தியைக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே. உனக்கு வேண்டும், அதனால் அனுப்புகிறேன். மெரினை அனுப்பு என்று நான் கேட்கவில்லை. அவளுக்குக் கோடை லீவு எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுது. வந்தாலும் வராவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கட்டும்.

மாமா
யூஜின்