பதினான்காம் படுக்கைக்குப் போட்ட ஊசி

அனுப்புநர்:
ரா. பாண்டிச்செல்வி (வயது 46),
க/பெ. ராமர்,
பஜார் ரோடு, மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
அலையொளி மருத்துவமனை, மட்டாஞ்சேரி.

பொருள்: செவிலியர் டியூட்டி மாறும் நேரத்தில் நோயாளி சொன்னதைக் கேளாமல் வேறொருவருக்கு இன்சுலின் போட்டது – வரும் 19ஆம் தேதி எனக்கு நடக்கவுள்ள அறுவை சிகிச்சைக்கு முன் நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 05.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினேழு வருடமாக மட்டாஞ்சேரியில் இட்லி மாவு அரைத்து விற்று வருகிறேன். மலையாளம் சரளமாகப் பேசுவேன், எழுதத்தான் வராது. ஆகவே தமிழில் எழுதுகிறேன். தங்கள் அலுவலகத்தில் உள்ள சுபாஷிணி மேடம் இதைத் தங்களுக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

2. பித்தப்பைக் கல்லை எடுப்பதற்கு முன் சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்று மே 20ஆம் தேதி என்னைப் பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். ஜன்னலோரப் படுக்கை, எண் 14. அடுத்த படுக்கையான 15இல் வைப்பின் தீவைச் சேர்ந்த அம்மிணி அம்மா, வயது 68. அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. 21ஆம் தேதி, இரவு மாத்திரை கொடுத்துவிட்டுப் போன பிறகு, காற்றே வரவில்லை என்று அவர் தவித்தார். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுப்பதுபோல என் படுக்கையைக் கொடுத்தேன். துணிப்பை, பிளாஸ்க் எல்லாம் மாற்றிக்கொண்டோம். கட்டிலில் தொங்கிய ஃபைலை மாற்ற இருவருக்குமே தோன்றவில்லை. சிஸ்டர்களிடமும் சொல்லவில்லை. இது என் தவறு, மறைக்கவில்லை.

3. மறுநாள் காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுக்க வந்த லேப் பெண், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் 15இலிருந்து கை நீட்டினேன். சரியான ஆளிடம் எடுத்துக்கொண்டு போனார். பெயர் கேட்க அவருக்கு ஆன நேரம் ஒரு நொடி.

4. ஏழரை மணிக்கு டியூட்டி மாறும் சிஸ்டர்கள் வந்தார்கள். நோயாளியின் அருகில் நின்று, அவரையும் சேர்த்துக்கொண்டு பொறுப்பை ஒப்படைப்போம் என்று தங்கள் வார்டு வாசலில் போர்டு வைத்திருக்கிறீர்கள். அருகில்தான் நின்றார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஃபைலோடு பேசினார்களே தவிர ஆளோடு பேசவில்லை. "பதினாலு, ஷுகர் கூடுதல், காலைச் சாப்பாட்டுக்கு முன்பு இன்சுலின்" என்று இரவு சிஸ்டர் வாசித்தார். 14இல் கிடந்த அம்மிணி அம்மாவோ ஸ்கேனுக்காக வெறும் வயிற்றோடு கண்மூடிக் கிடந்தார்.

5. நான் எழுந்து உட்கார்ந்து, "சிஸ்டரே, ஷுகர் எனிக்காணு, ஆ அம்மைக்கல்ல" என்றேன். சர்க்கரை எனக்குத்தான், அந்த அம்மாவுக்கு இல்லை என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? காலை டியூட்டிக்கு வந்த ஸாதனா என்ற புதிய சிஸ்டர் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். இரவு சிஸ்டர், "சேச்சி, இதொந்நு தீர்க்கட்டே", இதை முடித்துக்கொள்கிறேன் அக்கா, என்று கையமர்த்திவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். படித்த பிள்ளைகள், முடித்துவிட்டு வந்து கேட்பார்கள் என்று நானும் வாயை மூடிக்கொண்டு, பல் தேய்க்கக் குழாயடி வரிசையில் போய் நின்றேன். ஐயா, அந்த வரிசைக்குப் போகாமல் கட்டிலருகிலேயே நின்றிருக்க வேண்டும்.

6. முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, எனக்குரிய இன்சுலினை 14இல் கிடந்தவருக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். அம்மிணி அம்மாவின் ரவிக்கை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. கூப்பிட்டால் நாக்கு குழறியது. சர்க்கரை இறங்கினால் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவள் நான். போட்ட கூச்சலில் வார்டே கூடியது. முதலில் ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றியது அந்த ஸாதனா சிஸ்டர்தான். இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் இருந்து அந்த அம்மா உயிரோடு வீட்டுக்குப் போனார். கடவுளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

7. இவ்வளவுக்கும் பிறகு தங்கள் கடிதம் வந்தது. "நோயாளிகள் அனுமதியின்றிப் படுக்கை மாறினர், மொழி தெரியாத காரணத்தால் தகவலைத் தெரிவிக்கவில்லை" என்று அதில் கண்டிருந்ததை என் மகள் வாசித்தபோது, மூன்று முறை திரும்ப வாசிக்கச் சொன்னேன். தினமும் முப்பது வீட்டுக்காரர்களோடு மலையாளத்தில் மல்லுக்கட்டி மாவு விற்கிறவளுக்கா மொழி தெரியாது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதில் ஸாதனா சிஸ்டரை மட்டும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகவும் அறிந்து திகைத்துப்போனேன். இரவு சிஸ்டர் வாசித்துக் கொடுத்தபடி ஊசி போட்ட புதுப்பெண் அவர்.

8. ஆகவே, டியூட்டி மாறும்போது ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டு, கையில் கட்டிய பட்டையைப் பார்த்து, "நாங்கள் சொன்னது சரிதானா, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா" என்று கேட்ட பிறகே அடுத்த படுக்கைக்குப் போகும்படி உத்தரவிட வேண்டுகிறேன். நான் மலையாளத்தில் சொன்னேன், சிஸ்டர்கள் கேட்கவில்லை என்று கடிதத்தைத் திருத்தி எழுதித் தர வேண்டும். ஸாதனா சிஸ்டரை மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டும். படுக்கை மாறியதற்கு என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

9. 19ஆம் தேதி அதே வார்டுக்குத்தான் வருகிறேன். வேறு மருத்துவமனைக்குப் போக வசதி இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அன்று நான் எழுந்து உட்கார்ந்து பேசினேன், கேட்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து மயக்கத்தில் கிடக்கும்போது என்னால் பேசவே முடியாது. அப்போது என் மகள் செல்வலட்சுமி பக்கத்தில் நிற்பாள். அவள் சொல்வதையாவது கேட்கச் சொல்லுங்கள், ஐயா.

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 11.06.2025

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ரா. பாண்டிச்செல்வி
(ஒப்பம்)