சுவருக்குள் பன்னிரண்டு பாட்டில்

செப்டம்பர் 17, 2024, செவ்வாய்

இந்த நோட்டு லெய்ரே கொடுத்தது. "வர்றவங்க கிட்ட சொல்ற கதையெல்லாம் எழுதி வைங்க சித்தப்பா, ஒவ்வொரு வாரமும் மாறுது" என்றாள். மாறுகிறதாம். வளர்கிறது என்று சொல்லத் தெரியவில்லை அவளுக்கு.

இன்று எங்கள் ஒயின் நிலவறையைப் பார்க்க எட்டுப் பேர். ஹோட்டல் வண்டி கோட்டை வாசலோடு நின்றுவிடும்; ஊருக்குள் சக்கரம் ஓடக் கூடாது, தெருவுக்கு அடியில் முழுக்க நிலவறைகள், அதிர்ந்தால் ஒயின் கலங்கும். அதனால் பணக்காரச் சீமாட்டிகளும் குதிகால் செருப்போடு கல் தெருவில் தள்ளாடித்தான் வந்தாக வேண்டும். வாசலில் நான், கருப்புத் தொப்பியோடு. ஒரு அம்மாள் என்னை நாலு படம் எடுத்தாள். எடுக்கத்தானே செய்வாள். எங்கள் ரியோஹா ஒயின் சீமை முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு மூக்கு கிடைக்காது.

எங்கள் நிலவறையை என் பாட்டனின் பாட்டன் கரண்டியால் தோண்டினார் என்று சொன்னேன். போன வாரம் உளி. கரண்டிதான் எடுபடுகிறது. நான் ஐந்து நிமிடம் பேசியதை லெய்ரே இங்கிலீஷில் இரண்டு வரியில் முடித்தாள்.

"மீதி எங்கம்மா போச்சு?"

"மீதியையும் சொன்னா ஹோட்டல் மேல கேஸ் போடுவாங்க."

கடைசியில் சுவர்க் கதை. எப்போதும் அதுதான் கடைசி. நிலவறையின் கோடியில் செங்கல் வைத்து அடைத்த மாடம். அதற்குள் பன்னிரண்டு பாட்டில், லெய்ரே பிறந்த 1994 அறுவடை, அவள் அப்பா, என் அண்ணன் ஃபெர்மின், தன் கையால் செய்தது. எங்கள் வீட்டு வழக்கம்: பிள்ளை பிறந்த வருட ஒயினைச் சுவருக்குள் வைத்து அடைப்போம், கல்யாணத்துக்கு உடைப்போம். இதை மட்டும் அவள் ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்க்கிறாள். முடித்துவிட்டுச் சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தொடுகிறாள். மாட்டைத் தடவுவது போல.

செப்டம்பர் 20

ஹோட்டல் மேலாளர் பெலாயோ வீட்டுக்கே வந்தார். ஹோட்டல் என்றால் சாதாரணமல்ல. வெள்ளித் தகடு வளைத்த கூரை, திராட்சைத் தோல் போட்ட தொட்டியில் குளிக்க வைக்கிறார்கள். நான் சின்ன வயதில் திராட்சை மிதிக்கும் தொட்டியில் தினமும் குளித்தவன். ஒருவரும் பில் கொடுக்கவில்லை.

விஷயம் இது. நவம்பர் 9 லெய்ரேவுக்கும் சமையல்கார உனாய்க்கும் கல்யாணம். அதற்கு மூன்று வாரம் முன்னால், அக்டோபர் 19, சனிக்கிழமை, சுவர் உடைக்கும் விழா. தேர்ந்தெடுத்த விருந்தினர் பத்துப் பேர், அவர்களுக்கு இரண்டு பாட்டில் திறப்பது, மீதிப் பத்து கல்யாணத்துக்கு. பதிலுக்குக் கல்யாண விருந்து ஹோட்டல் மண்டபத்தில்.

"உங்க கதைக்கு இதுதான் சரியான முடிவு, தோன் எலாதியோ" என்றார் பெலாயோ. எலாதியோ நான்; "தோன்" மரியாதைக்கு.

லெய்ரே என் முகத்தைப் பார்த்தாள். "சித்தப்பா சரின்னா சரி. சுவர் அவரோடது."

சரி என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன் போலிருக்கிறது.

செப்டம்பர் 24

தூக்கமில்லை. வெயில்தான் காரணம்.

அக்டோபர் 3, வியாழன்

லெய்ரேவுக்கு முப்பது. அறுவடை நடுவில் பிறந்தவள். அன்று நான் ஒருவனே ஆறு ஆள் வேலை பார்த்தேன். (நாலு ஆள்.)

திராட்சைக் கொடிக் குச்சிகளை எரித்து, அந்தக் கனலில் ஆட்டுக்குட்டி விலா சுட்டேன். உனாய் சமையல்காரன், ஆனாலும் அவனை என் நெருப்பைத் தொட விடவில்லை. சாப்பிட்டுக்கொண்டே அவள் சொன்னாள், "அப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போனது அந்தப் பன்னிரண்டு பாட்டில்தான். அவர் குரல் கூட ஞாபகம் இல்ல. ஆனா அந்த ஒயினைக் குடிச்சா ஆள் எப்படின்னு தெரிஞ்சிடும்னு ஒரு நெனப்பு."

 எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

இந்த நோட்டில் கூடவா பொய் எழுதுவது? எழுதிவிடுகிறேன்.

அந்த மாடத்தில் ஒயின் இல்லை. நான் குடித்துவிட்டேன்.

2000 அறுவடையில் ஃபெர்மின் நொதிக்கும் தொட்டி அறைக்குள் மெழுகுவத்தி இல்லாமல் இறங்கினான். சுடர் அணைந்தால் காற்று கெட்டிருக்கிறது, வெளியே ஓடு — எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாதா. ஒரு நிமிட வேலை என்று இறங்கினான். நான்தான் தூக்கி வந்தேன். இதை எந்த விருந்தினருக்கும் சொன்னதில்லை. இதில் சேர்க்க ஒன்றுமில்லை.

அண்ணி மைத்தே ஆறு வயசுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பில்பாவோவுக்குப் போய்விட்டாள். "இவ இனி ஒரு நிலவறைப் படியும் மிதிக்க மாட்டா" என்றாள். வருடத்துக்கு ஒரு போன் நான் போடுவேன், பிறந்தநாளுக்கு. அன்று மத்தியானம் நான் நாலு செங்கல் உருவுவேன். ஒரு பாட்டில். குழந்தை பேரைச் சொல்லிக் குடிப்பேன். காலி பாட்டிலை உள்ளேயே வைத்துத் திரும்ப அடைப்பேன். ஏழாவது பிறந்தநாளிலிருந்து பதினெட்டு வரை: பன்னிரண்டு வருடம், பன்னிரண்டு பாட்டில். நான் எதையும் மறக்கிறவன் இல்லை.

அக்டோபர் 9

யோசனை வந்துவிட்டது. என் தலைக்கு வராமல் வேறு யார் தலைக்கு வரும். பக்கத்து நிலவறையிலிருந்து சுமாரான பன்னிரண்டு பாட்டில் வாங்கி, லேபிளைக் கழுவி, உள்ளே வைத்துவிட வேண்டியது. அந்தக் காலத்தில் வீட்டு ஒயினுக்கு லேபிள் ஏது?

அக்டோபர் 11

சிக்கல். முப்பது வருடம் நிலவறையில் கிடந்த பாட்டில் மேல் கரும்பூசணம் படியும், பூனை ரோமம் மாதிரி மெத்தென்று. என்னுடையதெல்லாம் புது மாப்பிள்ளை போலப் பளபளக்கின்றன.

அடுப்புக் கரியை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பூசினேன். ஒயினைத் தெளிய வைக்க நாங்கள் காலம் காலமாகப் பீப்பாயில் ஊற்றுவது வெள்ளைக்கருதான். ஒயினுக்கு ஆகிறது பாட்டிலுக்கு ஆகாதா. இருபத்திரண்டு முட்டை. மஞ்சள் கருவை வீணாக்காமல் ஆம்லெட் போட்டேன்.

அக்டோபர் 12

நிலவறை ஈரத்தில் கரி முழுக்க வழுக்கிக் கீழே கிடக்கிறது. மூன்று பாட்டிலைப் பூனை நக்கிச் சுத்தம் செய்துவிட்டது. வயிறு இன்னும் சரியில்லை, எனக்கு.

அக்டோபர் 14

கரியில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தேன். நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பரவாயில்லை. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் இன்னும் பரவாயில்லை.

ஆனால் வாயில் வைத்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும். ஒயின் படித்தவள். ஒரு மடக்கில், எந்த மலைச் சரிவு, எந்த வருடம் என்று சொல்கிறவள். அதைச் சொல்லிக் கொடுத்தது நான்தான் (பல்கலைக்கழகமும் கொஞ்சம்). அவள் குடித்துவிட்டு, "இதுதான் அப்பாவா" என்று நினைத்துவிட்டால்? அது அவள் கண்டுபிடிப்பதை விட மோசம். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை எனக்கு.

அக்டோபர் 16, புதன்

மத்தியானம் ஊரே படுத்துத் தூங்கும் நேரம். நாலு செங்கல் உருவினேன். கை எட்டும் தூரத்தில் கிடந்த காலி பாட்டிலை வெளியே இழுத்தேன். அதில் எழுத்து. என் எழுத்துதான். செங்கல் அடைத்த பிறகு மிஞ்சிய சுண்ணாம்புக் குழம்பைக் குச்சியால் தொட்டு எழுதியிருக்கிறேன். பீப்பாயில் சாக்பீஸால் குறித்து வைப்போமே, அது மாதிரி. எழுதியது அடியோடு ஞாபகமில்லை.

"7. முன்பல் விழுந்தது." இன்னொன்று: "8. சைக்கிள். முட்டியில் அடி." "9. போனில் பேச மாட்டேன் என்றாள்."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் கரி பூசிய பன்னிரண்டு போலி பாட்டில்.

படியில் வெளிச்சம் அசைந்தது. லெய்ரே. அறுவடைக் காலத்தில் மெழுகுவத்தி இல்லாமல் அவள் இறங்குவதே இல்லை. செங்கலைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"என்ன சித்தப்பா இது?"

 நெப்போலியன் படை, பூகம்பம், எலி — சொல்ல எவ்வளவோ பொய் இருந்தது.

"குடிச்சுட்டேம்மா."

"எத்தனை?"

"பூரா."

"அது எங்கப்பா எனக்கு வெச்சது."

"ஆமா."

"தனியாவா குடிச்சீங்க?"

"நீ இருந்தே. உனக்கும் ஒரு கிளாஸ் ஊத்தி எதிர்ல வெப்பேன். கொஞ்ச நேரம் பார்ப்பேன். அப்புறம் வீணாப் போகுதேன்னு..."

அவள் குனிந்து ஒரு பாட்டிலைத் திருப்பிப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள். மூன்றாவதை எடுக்கவில்லை. மெழுகுவத்தியை என் பக்கத்தில் வைத்துவிட்டு இருட்டிலேயே படியேறிப் போய்விட்டாள்.

அக்டோபர் 17

வரவில்லை.

அக்டோபர் 18

உனாய் ரொட்டி கொண்டு வந்தான். "என்ன சொல்றா?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. நாலு செங்கலையும் திரும்ப வெச்சிருங்க, நாளைக்கு விழா நடக்குதுன்னு மட்டும் சொல்லச் சொன்னா." அந்தக் கரி பாட்டில்கள்? "அதை எனக்குக் குடுத்துடச் சொன்னா. குழம்புக்கு."

செங்கல்லை வைத்தேன். காலி பாட்டில்களை எடுத்த இடத்திலேயே வைத்தேன். நாளை எல்லார் முன்னும் என்னை நிற்க வைத்துக் கேட்கப் போகிறாள் போல. கேட்கட்டும்.

அக்டோபர் 19, சனி

பத்து விருந்தினர். பெலாயோ புது கோட்டு. நானும் கோட்டுதான், ஃபெர்மினுடையது, தோளில் கொஞ்சம் தொங்கும். லெய்ரே என் கையில் சுத்தியலைக் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"கதை சொல்லுங்க, தோன் எலாதியோ" என்றார் பெலாயோ.

நான் சொன்னது இரண்டே வரி. "இதுக்குள்ள என் அண்ணன் செஞ்ச ஒயின் இருந்தது. அவன் பொண்ணு ஊர்ல இல்லாத பிறந்தநாள்லயெல்லாம் நான் குடிச்சுட்டேன்."

லெய்ரே இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். ஐந்து நிமிடம் பேசினாள். பெலாயோவின் முகம் சிவந்தது, வெளுத்தது, பிறகு ஒரு மாதிரி அடங்கியது. ஹாம்பர்க்கிலிருந்து வந்த கிழவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சுவரை முழுதாக உடைத்தேன். அவள் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து உரக்கப் படித்தாள். "11. கண்ணாடி போட்டுவிட்டாளாம்." "13. குரல் அண்ணன் மாதிரி." அதை இரண்டு தடவை படித்தாள். "15. யாரும் போன் எடுக்கவில்லை." "17. ஒயின் படிக்கப் போகிறாளாம். மைத்தே அழுதாள்." அதுவரை பதினொன்று.

மாடத்தின் அடிக் கோடியில் கையை விட்டவள் அப்படியே நின்றாள்.

"சித்தப்பா. இது கனமா இருக்கு."

கரும்பூசணம் மூடி, எழுத்தில்லாமல், கழுத்து வரை நிறைந்து.

"பதினெட்டாவது பிறந்தநாளுக்கு நான் எங்க இருந்தேன்?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு வந்தது. 2012 செப்டம்பர் கடைசி. கோட்டை வாசலில் பஸ்ஸிலிருந்து ஒரு பெட்டியோடு இறங்கினாள், லொக்ரோன்யோவில் படிக்க இடம் கிடைத்ததென்று. பிறந்தநாளன்று என் எதிரே உட்கார்ந்து ஆட்டுக்கறி தின்றுகொண்டிருந்தாள். அந்த வருடம் நான் செங்கல்லைத் தொடவே இல்லை.

பெலாயோ மெல்ல, "இந்த ஒண்ணையாவது விருந்தாளிங்களுக்கு..." என்று இழுத்தார். ஹாம்பர்க் கிழவர் ஏதோ சொன்னார். லெய்ரே சிரித்தாள், நாலு நாளில் முதல் தடவை.

"என்ன சொல்றார்?"

"அந்தப் பாட்டிலைத் தொட்டா மேலாளரைத் திராட்சைத் தொட்டியில அமுக்கிடுவாராம்."

எல்லாரும் மேலேறிப் போன பிறகு கேட்டேன், "அஞ்சு நிமிஷம் என்னம்மா சொன்னே?"

"நீங்க சொன்னதைத்தான். ஒண்ணும் சேர்க்கல." தொங்கிய கோட்டுத் தோளை இழுத்துச் சரி செய்தாள். "குறைக்கவும் இல்ல."

அக்டோபர் 29

புது விருந்தினரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. ஒருவர், "கடைசி பாட்டில் கொஞ்சம் அதிகம்" என்றாராம். கரண்டியை நம்பினவர்கள்.

நவம்பர் 10, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. நான் ஆடிய ஆட்டத்தில் மண்டபத் தரை இரண்டு இடத்தில் விரிசல். (ஒரு இடம். ஏற்கெனவே இருந்தது.)

விருந்து நடுவில் மைத்தே என்னிடம் வந்தாள். பார்த்து இருபத்து நாலு வருடம். "போனை எடுக்காத வருஷம், அன்னைக்கு எடுக்க முடியலைங்க" என்றாள். "தெரியும் அண்ணி" என்றேன். தெரியாது, இப்போதுதான் தெரியும்.

இன்று மத்தியானம் லெய்ரேயும் உனாயும் மைத்தேயும் வந்தார்கள். மைத்தே நிலவறைப் படியில் கொஞ்ச நேரம் நின்றாள். லெய்ரே மெழுகுவத்தியை அவள் கையில் கொடுத்து முன்னால் போகச் சொன்னாள். போனாள்.

கார்க் பொடிப்பொடியாக வந்தது. நாலு கிளாஸ். முதலில் பழைய மரப் பெட்டி வாசனைதான். லெய்ரே கிளாஸை மூக்கின் கீழ் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். குடித்தாள். 

"எப்படிம்மா இருக்கான்?"

"அவசரக்காரர்" என்றாள். "ரெண்டு நாள் முன்னாடியே பறிச்சிருக்கார். ஆனா நல்லவர்."

மைத்தே சிரித்துவிட்டாள். "ரெண்டு நாள் முன்னாடிதான் பறிச்சான். எனக்கு வலி வந்துடும்னு பயந்து."

அவர்கள் போன பிறகு கிளாஸ் கழுவ வந்தேன். காலி பாட்டில் மற்ற பதினொன்றோடு மாடத்தில் இருந்தது. பக்கத்தில் சுண்ணாம்புக் கிண்ணம், குச்சி. எழுத்து இன்னும் ஈரம்.

"30. இந்தத் தடவை என் கிளாஸை நானே குடித்தேன்."