வளைவுக்குப் பக்கத்து ஓட்டை

3 நவம்பர் 2025, திங்கள்

காலையிலிருந்து மழை. பட்டாபிராமில் 7.12 வண்டி இன்றும் தாமதம். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் நுழையும்போதே சுடிதார் முழங்கால்வரை நனைந்துவிட்டது.

என் மேசைக்கு வந்த எல்-பிராக்கெட்டில், அந்த 'L' மாதிரி மடக்கின தகட்டில், பதினான்கு ரிஜெக்ட். எல்லாம் ஒரே காரணம். வளைவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை மாதிரி நீண்டிருக்கிறது. மூன்று வருடமாக இதே பிராக்கெட், இதே ஓட்டை, இதே சிவப்புச் சீட்டு. ஓட்டை குத்துகிற டூலைத் தீட்டுவார்கள், இரண்டு நாள் குறையும், மறுபடி வரும். ஏன் என்று கேட்டால், "அளக்கறதுதான உன் வேல? அள" என்கிறார் சூப்பர்வைசர்.

இரண்டு செய்தி. பொங்கல் முடிந்ததும் அளப்பதற்கு கேமரா மிஷின் வருகிறது. ஆய்வு மேசையில் நாங்கள் நான்கு பெண்கள். இனி இரண்டு பேர் போதுமாம். இன்னொன்று, டிசைன் ரூம் சபீனா கல்யாணமாகி ஓசூர் போகிறாள். அவள் இடத்துக்கு வெளியாளைத் தேடுவதற்கு முன்னால் உள்ளே யாராவது தேறுவார்களா என்று டிசைன் இன்சார்ஜ் இளங்கோ சார் பார்க்கப்போகிறார். 29ஆம் தேதி டெஸ்ட். ஒரு பிராக்கெட்டைக் கம்ப்யூட்டரில் மாடல் செய்து காட்ட வேண்டும்.

பெயர் கொடுத்துவிட்டேன். எனக்கு மவுஸ் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

6 நவம்பர்

தம்பி சரண் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்தான். சாஃப்ட்வேரையும் அவனே ஏற்றிவிட்டான். திறந்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு வெட்டவெளி. எங்கே தொடங்குவது? ஒரு கோடு போட்டேன். நீலமாக வந்தது. பிடித்து இழுத்தால் எங்கே வேண்டுமானாலும் ஓடுகிறது.

7 நவம்பர்

நீலம் ஏன்?

8 நவம்பர், சனி

சாப்பாட்டு நேரத்தில் சபீனாவிடம் கேட்டேன். "அதுக்கு இன்னும் நீங்க ஒண்ணும் சொல்லலக்கா. எவ்ளோ நீளம், எங்கேருந்து எவ்ளோ தூரம், எல்லாம் சொல்லிட்டா கருப்பாயிடும்" என்றாள். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். நீளம் சொன்னேன், இன்னும் நீலம். நேராக நில் என்றேன், இன்னும் நீலம். எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று சொன்னதும் மொத்தமும் கருப்பானது. இழுத்தேன். அசையவில்லை.

இவ்வளவு சந்தோஷம் எதற்கு வந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் ஆவடியில் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார். "இன்னாம்மே, ஒரே கோட்ட பாத்து சிரிச்சிகினு கீற?" என்றார். நான் விளக்கினேன். மதுரைவீரன் என்று பெயர் வைத்துக்கொண்டு அரை நிமிடத்தில் ஓடிவிட்டார்.

11 நவம்பர்

அவமானம், ஆனால் எழுதிவைக்கிறேன்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பிராக்கெட்டை முடித்தேன். ஒரு ரிஜெக்ட் பீஸை மேசையில் வைத்து, வெர்னியரில் அளந்து அளந்து ஒவ்வோர் எண்ணாக ஏற்றினேன். அகலம் 24.93, உயரம் 40.07, தகடு 2.02. என்னைவிடத் துல்லியமாக யார் செய்ய முடியும் என்ற நினைப்பு. இன்று சபீனா எண்களைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க பிராக்கெட்ட வரையல. உங்க கையில இருந்த அந்த ஒரு பீஸ வரைஞ்சிருக்கீங்க. டூல் தேஞ்சதெல்லாம் சேத்து."

அகலம் 25. உயரம் 40. தகடு 2. அவ்வளவுதான். எல்லா பீஸும் அதைப் பார்த்துத்தான் பிறக்கின்றன. எதுவும் அதுவாக ஆவதில்லை. நான் பதினோரு வருடமாகப் பிள்ளைகளை மட்டும் அளந்திருக்கிறேன், பெற்றவளைப் பார்த்ததே இல்லை.

முதலிலிருந்து போட வேண்டும்.

16 நவம்பர், ஞாயிறு

முடிந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அடியிலிருந்து பார்த்தேன். கையில் ஆயிரக்கணக்கில் பிடித்த சாமான்தான், இருந்தாலும் புதிதாக இருக்கிறது.

ஒன்று உறுத்துகிறது. அந்த ஓட்டை இங்கே அழகாக வட்டமாக இருக்கிறது. 6.5 எந்தப் பக்கம் அளந்தாலும் 6.5. கீழே பிரஸ் மிஷினில் மட்டும் ஏன் முட்டையாகிறது? டிராயிங்கில் தப்பில்லை, டூலிலும் தப்பில்லை என்கிறார்கள். பிறகு தப்பு எங்கே?

19 நவம்பர்

கரண்ட் இல்லை.

23 நவம்பர், ஞாயிறு

'விரி' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் பிராக்கெட் வளைவு நிமிர்ந்து தட்டையான தகடாகிவிடுகிறது. நாலைந்து முறை மடக்கி மடக்கி விரித்தேன், குழந்தை மாதிரி.

அப்போதுதான் கண்ணில் பட்டது. தட்டையில், மடியப்போகிற இடத்தை இரண்டு கோடாகக் காட்டுகிறது. ஓட்டையின் ஓரத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் 1.75 மில்லிதான். ஓட்டையைத் தட்டையாக இருக்கும்போதே குத்திவிடுகிறோம், பிறகு மடக்குகிறோம். மடக்கும்போது அந்த இடத்துத் தகடு இழுபடுகிறது. பக்கத்திலேயே இருக்கிற ஓட்டையையும் சேர்த்து இழுத்துவிடுகிறது.

மூன்று வருடம். எத்தனை சிவப்புச் சீட்டு. டூலைத் திட்டினோம், ஆபரேட்டரைத் திட்டினோம். ஓட்டை வளைவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். திரையில் இருக்கிற தகடு இழுபடாது, அதனால் அது வட்டம்.

29 நவம்பர், சனி

கெடுத்துக்கிட்டேன்.

டெஸ்ட்டுக்கு வந்தது அதே எல்-பிராக்கெட். நானும் டூல் ரூம் ட்ரெய்னி ரோஹித்தும் மட்டும்தான். ரோஹித் டிப்ளமா. எனக்கு நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. எல்லாம் கருப்பு, எல்லாம் சரி. அத்தோட எழுந்து வந்திருக்கலாம் இல்ல? ஓட்டையைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். மறுபடி முட்டையாத்தானே வரும், தெரிஞ்சே எப்படிக் கொடுக்கறது? வளைவுப் பக்கத்து ஓரத்திலிருந்து 9 மில்லியில் இருந்ததை 12க்கு நகர்த்திவிட்டேன்.

இளங்கோ சார் அளந்து பார்த்தார். ஏன் என்றார். சொன்னேன். கேட்டார், முழுசாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீ சொல்ற காரணம் சரிம்மா. ஆனா இது போய் மாட்டற பிளேட்ல போல்ட் ஒம்பதுலதான் இருக்கும். ஓட்டைய நீ நகத்திட்ட, போல்ட்ட யாரு நகத்துவா?"

பிராக்கெட்டை மட்டும் பார்த்தேன், அது எங்கே போய் உட்காரும் என்று யோசிக்கவே இல்லை. ரோஹித் டிராயிங்கில் இருந்ததை அப்படியே செய்தான்.

1 டிசம்பர்

சபீனா இடம் ரோஹித்துக்கு.

5 டிசம்பர்

மேசையிலிருந்து போகிற இரண்டு பேர் யார் என்று சொல்லிவிட்டார்கள். கன்னியம்மாள் அக்காவும் நானும். ஜனவரி 31 வரை. அக்கா டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டே, "நின்னு நின்னு காலு வீங்கனதுதான் மிச்சம்டீ" என்றது. நான் சாப்பிடவில்லை. வீட்டில் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஆட்டோவுக்கு எஃப்.சி. வேறு வருகிறது. ஓட்டையைத் தொடாமல் இருந்திருந்தால்? இதையே எத்தனை தடவை எழுதப்போகிறேன்.

7 டிசம்பர், ஞாயிறு

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பையில் வைத்துவிட்டு, பாதியில் கிடந்த பிளவுஸை எடுத்தேன். கழுத்துக்குப் பட்டி வைத்துத் தைத்து, திருப்புவதற்கு முன்னால் வளைவில் சின்னச் சின்னதாக வெட்டுக் கொடுத்தேன். வெட்டாமல் திருப்பினால் துணி இழுத்துக்கொண்டு சுருங்கும். இது எனக்குப் பதினாறு வயதிலிருந்து தெரியும்.

கத்தரிக்கோல் கையில் இருக்க அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஓட்டையை ஏன் நகர்த்த வேண்டும்? அது 9இலேயே இருக்கட்டும். மடிகிற இடத்தில், ஓட்டைக்கு நேர் கீழே, ஓட்டையைவிடக் கொஞ்சம் அகலமாக ஒரு வெட்டுக் கொடுத்தால்? அந்த இடத்தில் மடிய தகடே இருக்காது. இல்லாத தகடு எதை இழுக்கும்?

லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்தேன். பிளவுஸ் கழுத்து மட்டும் முடிந்து கிடக்கிறது.

8 டிசம்பர்

இளங்கோ சாரிடம் மாடலையும் என் மூன்று வருட ரிஜெக்ட் நோட்டையும் கொண்டுபோய் வைத்தேன். ஓட்டையின் நீளம், அகலம், தேதிவாரியாக எல்லாம் அதில் இருக்கிறது. அவர் மாடலைவிட நோட்டைத்தான் அதிக நேரம் புரட்டினார்.

"வெட்டு குடுத்தா வலு கொறையாதா?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னு சொல்ற. சரி. வச்சிட்டுப் போ."

15 டிசம்பர்

சார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

22 டிசம்பர்

வலு போதுமாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்களாம். கஸ்டமருக்கு அனுப்பியிருக்கிறார்களாம். ரோஹித்தான் வந்து சொன்னான். "நல்ல ஐடியாக்கா, எனக்குத் தோணவே இல்ல" என்றான். அவன்மேல் கோபமாக இருக்கலாம் என்று பார்த்தால் முடியவில்லை.

9 ஜனவரி 2026, வெள்ளி

ஐம்பது பீஸ் ட்ரையல். நான் அளக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் சார். கன்னியம்மாள் அக்கா அளந்தது. நான் இரண்டு மேசை தள்ளி நின்று வேறு எதையோ அளந்துகொண்டிருந்தேன், எதை என்று நினைவில்லை. முப்பது தாண்டியதும் அக்கா வெர்னியரைத் துடைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கடைசியில் என் பக்கம் திரும்பி, "இன்னாடீ இது, ஒரு சீட்டுகூட கட்டல நானு. வெர்னியர் கெட்டுப்பூட்ச்சா?" என்றது.

சாக்குச் சொல்லிவிட்டுப் போய்ப் பாத்ரூமில் அழுதேன். வெளியே வந்து நானும் ஒரு பீஸ் அளந்தேன். இப்படி 6.51. அப்படி 6.51.

19 ஜனவரி

சார் கூப்பிட்டார். "அவனுக்கு வரையத் தெரியும், எது கீழ போய் ரிஜெக்ட் ஆவும்னு தெரியாது. உனக்கு அது தெரியும். ரெண்டு பேரும் அந்த ரூம்லயே இருங்க. ஆறு மாசம் பாப்போம்."

வீட்டில் அவரிடம் இரண்டு செய்தியையும் சேர்த்துச் சொன்னேன், போகச் சொன்னதையும் இருக்கச் சொன்னதையும். "ஒரு மாசமாவா மனசுல வச்சிகினு இருந்த?" என்றார். டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

கன்னியம்மாள் அக்கா திருமுல்லைவாயிலில் ஒரு கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறது. கிடைக்க வேண்டும்.

2 பிப்ரவரி, திங்கள்

எனக்குக் கேன்டீனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறது.

முதல் வேலை அந்த எல்-பிராக்கெட் டிராயிங்கைப் புதிதாக எழுதி வெளியிடுவது. எல்லா அளவும் போட்டு முடித்து, ஓரத்துக் கட்டத்தில் என் பெயரை அடித்தேன். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், பெயர் 'சரிபார்த்தவர்' கட்டத்தில் இருக்கிறது. பதினோரு வருடமாகக் கை அங்கேதான் போகும். அழித்தேன். ஒரு கட்டம் மேலே, 'வரைந்தவர்' என்ற இடத்தில் அடித்தேன்.

சரிபார்த்தவர் கட்டம் காலி. அதை ரோஹித் நாளைக்குப் பார்ப்பான்.